நீரிலுள்ள கதிரியக்கத்தைத் தாவரக் கரி நீக்குமா?

ஆற்றுநீர் கலங்கி வரும் காலங்களில் நம் வீட்டுப் பெரியோர் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்து, அதில் நீரை ஊற்றித் தெளிய வைத்தனர். மணல், கூழாங்கல், அடுப்புக்கரி ஆகியவற்றை அடுக்கிய பானைகளின் வழியே நீரை வடித்துக் குடித்த வழக்கமும் உண்டு. கரி நீரைத் தூய்மையாக்கும் என்னும் நம்பிக்கை அவ்வாறு தலைமுறை தலைமுறையாக வந்தது. அந்நம்பிக்கையில் உண்மையும் உண்டு.

அண்மைக் காலமாக, நிலத்தடி நீரில் யுரேனியம் இருப்பது பற்றிய செய்திகளும், பயிர்க்கழிவிலிருந்து செய்யும் கரி கதிரியக்கப் பொருள்களை நீரிலிருந்து நீக்குகிறது என்னும் ஆய்வுச் செய்திகளும் ஒருசேர வெளிவருகின்றன. இரண்டையும் படிப்பவர் உள்ளத்தில், ‘அப்படியானால் நம் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கரியில் வடித்தால் போதாதா?’ என்ற வினா எழுவது இயல்பே. சிறுநீரக நோயாளியை வீட்டில் வைத்துப் பேணும் குடும்பத்தினருக்கு இது வெறும் அறிவியல் ஆர்வத்தால் எழும் வினா அன்று. நாள்தோறும் அவர் கையில் கொடுக்கும் குவளை நீரைப் பற்றிய வினா.

இதற்குரிய விடையைச் சுருக்கமாக முதலிலேயே கூறிவிடலாம். கரி சில கதிரியக்கப் பொருள்களைப் பிடிக்கும், சிலவற்றைப் பிடிக்காது. ஒரு நீரில் பிடிக்கும் பொருளை மற்றொரு நீரில் பிடிக்காமல் விட்டுவிடும். பிடித்த பொருளை அது அழிப்பதில்லை, தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஆகவே எந்தக் கரி வடிகட்டியைக் கண்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: இது எதைப் பிடிக்கும்? எந்த நீரில் பிடிக்கும்? பிடித்ததை எங்கே வைப்பது? இக்கட்டுரை அம்மூன்று கேள்விகளையும் வரிசையாக விளக்குகிறது.

நீரில் கதிரியக்கம் எங்கிருந்து வருகிறது?

கதிரியக்கம் என்றவுடன் அணுகுண்டும் அணு உலையும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் குடிநீரில் காணப்படும் கதிரியக்கத்தின் பெரும்பகுதி மண்ணுக்கு அடியிலுள்ள பாறைகளிலிருந்து வருவதேயாகும். கருங்கல் போன்ற கடினப் பாறைகளில் யுரேனியம் மிகச் சிறிய அளவில் கலந்துள்ளது. அப்பாறைகளின் பிளவுகளில் நீண்ட காலம் தங்கும் நீர் அதனைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்கிறது. யுரேனியம் சிதையும் வழியில் ரேடியம் தோன்றுகிறது. ரேடியம் சிதைந்து ரேடான் என்னும் வாயு தோன்றுகிறது. இவை மூன்றும் இயற்கையாகவே நீரில் காணப்படுபவை.

மனிதச் செயலால் உண்டாகும் கதிரியக்கப் பொருள்கள் வேறு. சீசியம்-137, ஸ்ட்ரான்ஷியம்-90 ஆகியவை அணு உலைகளிலும் அணு ஆயுதச் சோதனைகளிலும் தோன்றுபவை. அயோடின்-131 அணு உலையில் உருவாக்கப்பட்டு, தைராய்டு நோய்களுக்கு மருந்தாக மருத்துவமனைகளில் பயன்படுகிறது.

இப்பொருள்களைப் புரிந்துகொள்ள ‘அரை ஆயுள்’ என்னும் சொல்லை அறிந்திருத்தல் நலம். ஒரு கதிரியக்கப் பொருளில் பாதி சிதைந்து போக எடுக்கும் காலமே அதன் அரை ஆயுள். அயோடின்-131இன் அரை ஆயுள் 8 நாள். ரேடானுக்கு 3.8 நாள். சீசியம்-137க்கு ஏறத்தாழ 30 ஆண்டு. ரேடியம்-226க்கு 1,600 ஆண்டு. யுரேனியம்-238க்கோ ஏறத்தாழ 450 கோடி ஆண்டு. சில பொருள்கள் காத்திருந்தால் தாமே மறைந்துவிடும். சிலவற்றுக்குக் காத்திருப்பது பயனற்றது. இவ்வேறுபாடு பின்னர் நமக்குத் தேவைப்படும்.

யுரேனியமும் சிறுநீரகமும்

நிலத்தடி நீரிலுள்ள யுரேனியத்தைப் பற்றிப் பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. குடிநீரில் காணப்படும் அளவுகளில், அதன் கதிர்வீச்சைக் காட்டிலும் அதன் வேதி நச்சுத்தன்மையே முதன்மையான கவலைக்குரியது. ஈயம், காட்மியம் போல யுரேனியமும் ஒரு கன உலோகம். குடிநீருடன் வயிற்றுக்குள் செல்லும் யுரேனியத்தின் பெரும்பகுதி மலத்துடன் வெளியேறிவிடுகிறது. குடலால் ஈர்க்கப்பட்டு இரத்தத்தில் சேரும் சிறு பகுதியைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றுகிறது. அவ்வாறு வெளியேற்றும்போது சிறுநீரகத்தின் நுண்குழாய்களைச் சார்ந்த உயிரணுக்கள் பாதிப்புக்கு உள்ளாகலாம்.

இதனைக் கருதியே உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் யுரேனியத்துக்கு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்னும் வழிகாட்டு அளவை 2011இல் வகுத்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் இதே அளவைக் குடிநீர்த் தரத்தில் ஏற்றுக்கொண்டுள்ளது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இத்தகைய நுண்ணிய அளவை நிறத்தாலோ மணத்தாலோ சுவையாலோ அறிய இயலாது. ஆய்வுக்கூடக் கருவியால் மட்டுமே அறிய முடியும்.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் நாடு முழுவதும் 14,000க்கும் மேற்பட்ட நீர் மாதிரிகளைச் சோதித்து 2020இல் அறிக்கை வெளியிட்டது. பஞ்சாப், ஹரியாணா மாநிலங்களில்தான் வரம்பை மீறிய கிணறுகள் மிகுதியாக இருந்தன. தமிழ்நாட்டில் அத்தகைய கிணறுகள் மிகச் சிறு விழுக்காடே. நமக்கு அண்மையிலுள்ள சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் புவி அறிவியல் துறை ஆய்வாளர்கள் மதுரை மாவட்டத்தின் கடினப் பாறைப் பகுதிகளில் நிலத்தடி நீரை ஆராய்ந்து, சில கிணறுகளில் யுரேனியம் வழிகாட்டு அளவைக் கடந்திருப்பதைப் பதிவு செய்துள்ளனர்.

ஸ்ரீமுஷ்ணம் வெள்ளாற்றை ஒட்டிய நிலப்பகுதி. இங்கு படிவப் பாறைகளும் வண்டலும் நிறைந்துள்ளன. மேற்கே கள்ளக்குறிச்சி, சேலம் பக்கம் செல்லச் செல்லக் கடினப் பாறை தலைதூக்குகிறது. ஓர் ஊரின் நீர் மற்றோர் ஊரின் நீரைப் போன்றதன்று. ஒரே ஊரிலும் ஆழம் மாறினால் நீர் மாறும். எனவே பிற மாவட்டச் செய்தியைப் படித்து அஞ்சவும் வேண்டா. நம் கிணற்று நீர் தெளிவாக இருக்கிறது என்று சோதிக்காமல் இருக்கவும் வேண்டா.

இங்கே மற்றொன்றையும் கூற வேண்டும். சிறுநீரகச் செயலிழப்புக்கு முதன்மையான காரணங்கள் சர்க்கரை நோயும் உயர் இரத்த அழுத்தமுமே. நீரின்மீது பழியைச் சுமத்திவிட்டு, மாத்திரைகளைத் தவறவிடுவதும் பரிசோதனைக்கு வராமல் இருப்பதும் நோயாளிக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும்.

தாவரக் கரி என்பது யாது?

மரத்தையோ பயிர்க்கழிவையோ காற்று தாராளமாகக் கிடைக்கும்படி எரித்தால் சாம்பல்தான் மிஞ்சும். காற்றைக் குறைத்து, ஏறத்தாழ 300 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் வாட்டினால் கரி கிடைக்கும். சீமைக் கருவேல மரத்தை அடுக்கி மண் பூசிப் போடும் கரிமூட்டத்தில் நடப்பது இதுவே. முன்னாளில் பல் துலக்கப் பயன்படுத்திய உமிக்கரியும் இவ்வகையைச் சேர்ந்ததே. இவ்வாறு தாவரப் பொருளிலிருந்து, மண்வளத்துக்கும் தூய்மைப்படுத்துதலுக்கும் பயன்படும் நோக்கில் செய்யப்படும் கரியையே அறிவியலாளர் ‘பயோசார்’ என்கின்றனர். நாம் இதனைத் தாவரக் கரி என்போம்.

கடலூர் மாவட்டத்தில் இதற்குரிய மூலப்பொருளுக்குக் குறைவில்லை. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பகுதிகளின் நெல் உமியும் வைக்கோலும், கரும்பு ஆலைகளின் சக்கையும், பண்ருட்டி, விருத்தாசலம் பகுதிகளின் முந்திரிக் கழிவும், கடற்கரையோரச் சவுக்கும், எங்கும் கிடைக்கும் கொட்டாங்குச்சியும் கரியாக்கத்தக்கவை. விலை மலிவாகவும், வீணாகும் பொருளைப் பயன்படுத்துவதாகவும் இருப்பதே தாவரக் கரியின்பால் ஆய்வாளர்களை ஈர்த்தது.

கடைகளில் விற்கும் வடிகட்டிகளில் உள்ள ‘ஆக்டிவேட்டட் கார்பன்’ இதன் உறவுப் பொருள். கரியை மேலும் மிகுந்த வெப்பத்தில் நீராவியாலோ வேதிப்பொருளாலோ பண்படுத்தி, அதன் நுண்துளைகளைப் பன்மடங்காகப் பெருக்கி அதனை ஆக்குகின்றனர். நல்ல தரமுள்ள இக்கரியில் ஒரு கிராமுக்குள் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பு அடங்கியிருக்கும். அதாவது, கையளவுக்கும் குறைந்த ஒரு சிட்டிகைக் கரிக்குள் கால் ஏக்கர் நிலப்பரப்பு மடிந்து கிடக்கிறது. நீரிலுள்ள பொருள்கள் அப்பரப்பில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. இதனைப் பரப்புக் கவர்ச்சி என்பர்.

முதல் கேள்வி: எதைப் பிடிக்கும்?

கரியின் பரப்பு வெறும் துளைகளால் மட்டும் ஆனதன்று. மிதமான வெப்பத்தில் செய்த தாவரக் கரியில் ஆக்சிஜனைத் தாங்கிய கார்பாக்சில் போன்ற வேதித் தொகுதிகள் மிகுந்திருக்கும். நீரில் இவை எதிர்மின்னேற்றம் பெறுகின்றன. நீரில் கரைந்த யுரேனியம் பெரும்பாலும் இரண்டு ஆக்சிஜன் அணுக்களுடன் இணைந்து, யுரேனைல் என்னும் நேர்மின்னேற்ற அயனியாக இருக்கிறது. எதிரும் நேரும் கவர்வதால், யுரேனைல் அயனி கரியின் பரப்பில் தங்கிவிடுகிறது. 2011இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்விட்ச்கிராஸ் என்னும் புல்லிலிருந்து கரி செய்து, அது நீரிலுள்ள யுரேனியத்தைப் பிடிப்பதைக் காட்டினர். அதன் பிறகு பைன் ஊசியிலை, கோதுமை வைக்கோல் எனப் பலவகைப் பொருள்களின் கரிகள் ஆராயப்பட்டுள்ளன. கரியை அமிலத்தால் பண்படுத்தி அதன் பிடிப்புத் திறனைக் கூட்டுவதும், இரும்புச் சேர்மத்தை ஏற்றிப் பின்னர்க் காந்தத்தால் நீரிலிருந்து பிரித்தெடுப்பதும் இவ்வாய்வுகளின் வழிமுறைகள்.

பிற பொருள்களின் நிலை வேறு. சீசியம், பொட்டாசியத்தையும் சோடியத்தையும் ஒத்த தனிமம். வெறுங்கரி அதனை வலுவாகப் பிடிப்பதில்லை. பிரஷ்யன் நீலம் என்னும் நீல நிறமியைக் கரியில் ஏற்றினால் பிடிப்பு வெகுவாகக் கூடுகிறது. ஸ்ட்ரான்ஷியம் கால்சியத்தை ஒத்தது. நீரில் கால்சியம் மிகுந்திருந்தால் ஸ்ட்ரான்ஷியத்துக்குக் கரியில் இடம் கிடைப்பதில்லை. அயோடின் ஆவி நிலையில் இருந்தால் கரி அதனை நன்கு பிடிக்கும். அணுமின் நிலையங்களின் காற்று வெளியேற்றப் பாதைகளில், வேதிப்பொருள் ஏற்றிய கொட்டாங்குச்சிக் கரி இதற்காகவே வைக்கப்படுகிறது. அதே அயோடின் நீரில் அயோடைடு அயனியாகக் கரைந்திருக்கும்போது எதிர்மின்னேற்றம் கொண்டிருப்பதால், சாதாரணக் கரியிடமிருந்து எளிதில் நழுவிவிடுகிறது.

டிரிட்டியம் முற்றிலும் வேறானது. அது ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம். நீரில் அது கரைந்திருப்பதில்லை; நீர் மூலக்கூறாகவே ஆகிவிடுகிறது. நீரிலிருந்து நீரை வடிகட்ட எந்தக் கரியாலும் இயலாது.

ஆகவே ‘இக்கரி கதிரியக்கத்தை நீக்கும்’ என்று பொதுவாகக் கூறும் விளம்பரம் எதனையும் கூறாததற்கு ஒப்பாகும். எந்தத் தனிமத்தை என்று கேட்ட பிறகே பேச்சு தொடங்குகிறது.

இரண்டாம் கேள்வி: எந்த நீரில் பிடிக்கும்?

ஆய்வுக்கூடத்தில் பெரும்பாலும் தூய நீரில் யுரேனியத்தைக் கலந்து, நீரின் அமிலத்தன்மையையும் கரிக்கு ஏற்றவாறு அமைத்துச் சோதிப்பர். சற்றே அமிலத்தன்மையுள்ள நீரில்தான் கரி யுரேனியத்தை நன்கு பிடிக்கிறது. நம் ஆழ்துளைக் கிணற்று நீர் அப்படிப்பட்டதன்று. குழாயில் வெண்படிவு படிவதையும், சோப்பு நுரைக்காமல் இருப்பதையும், பருப்பு வேகத் தாமதமாவதையும் நாம் கண்டிருக்கிறோம். இவை கடின நீரின் அடையாளங்கள். அந்நீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் மிகுந்துள்ளன. காரத்தன்மையும் சற்றே கூடியிருக்கும்.

கடின நீரில் யுரேனைல் அயனி தனித்து இருப்பதில்லை. கார்பனேட்டுடனும் கால்சியத்துடனும் சேர்ந்து, மின்னேற்றம் அற்ற அல்லது எதிர்மின்னேற்றம் கொண்ட கூட்டுப் பொருளாகிவிடுகிறது. எதிர்மின்னேற்றம் கொண்ட கரியின் பரப்பு அதனைக் கவர்வதில்லை. யுரேனியத்தைப் பாறையிலிருந்து எளிதில் கரைத்து எடுப்பதும் இதே கார்பனேட்டுதான். ஆகவே எந்தக் கிணற்றில் யுரேனியம் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டோ, பெரும்பாலும் அதே கிணற்று நீரில்தான் சாதாரணக் கரி தோற்றுப்போகும்.

இடப்போட்டியும் உண்டு. ஒரு லிட்டர் கடின நீரில் 60 மில்லிகிராம் கால்சியம் இருப்பதாகக் கொள்வோம். அதே நீரில் யுரேனியம் வழிகாட்டு அளவான 30 மைக்ரோகிராம் இருந்தால், கால்சியத்தின் எடை யுரேனியத்தைப் போல 2,000 மடங்கு. திருவிழாக் கூட்டத்தில் ஒருவரைத் தேடிப் பிடிப்பது போன்ற வேலை அது. நல்ல சோதனை முடிவு பெற்ற கரியும் நம் வீட்டு நீரில் அதே முடிவைத் தரும் என்று கொள்ள இயலாமைக்குக் காரணம் இதுவே.

மூன்றாம் கேள்வி: பிடித்ததை எங்கே வைப்பது?

நுண்ணுயிரைக் கொதிநீர் கொன்றுவிடும். ஆனால் கதிரியக்கத் தனிமத்தை வெப்பமோ வேதிப்பொருளோ அழிப்பதில்லை. கரி அதனை நீரிலிருந்து எடுத்துத் தன்னிடம் குவித்துக்கொள்கிறது. நீர் தூய்மையானால் கரி கழிவாகிறது.

2011 மார்ச் 11இல் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கிய ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் இதனை உலகமே கண்டது. சிதைந்த உலைகளைக் குளிர்விக்க ஊற்றிய நீர் கதிரியக்கப் பொருள்களைக் கரைத்துக்கொண்டது. முதலில் சியோலைட் என்னும் கனிமத்தைக் கொண்டு சீசியத்தைப் பிடித்தனர். பின்னர் 62 வகைக் கதிரியக்கப் பொருள்களைக் குறைக்கும் வகையில் பல படிகளைக் கொண்ட தூய்மைப்படுத்தும் அமைப்பை நிறுவினர். டிரிட்டியத்தை அதனால் நீக்க இயலவில்லை. 1,000க்கும் மேற்பட்ட தொட்டிகளில் சேர்ந்த 13 லட்சம் டன் அளவிலான நீரை, மிகுதியாக நீர்க்கச் செய்து சிறிது சிறிதாகக் கடலில் விடும் பணி 2023 ஆகஸ்டு 24இல் தொடங்கியது. கதிரியக்கப் பொருள்களைப் பிடித்த கனிமங்களும் பிசின்களும் சேறும் கதிரியக்கக் கழிவாகத் தனியே காக்கப்பட்டு வருகின்றன.

சிறிய அளவில் இதே நிலை வீட்டிலும் உண்டு. நீரிலுள்ள ரேடானை ஆக்டிவேட்டட் கார்பன் நன்றாகவே பிடிக்கிறது. ஆயினும் அவ்வாறு பயன்படுத்தும் நாடுகளில் அக்கரித் தொட்டியை மக்கள் புழங்கும் அறைகளிலிருந்து தள்ளி வைக்கின்றனர். காரணம், ரேடான் சிதைந்து தோன்றும் பொருள்கள் அத்தொட்டியில் குவிந்து, தொட்டியே கதிர்வீச்சை வெளியிடத் தொடங்குகிறது.

நிறைந்துபோன கரிக்கு இன்னொரு குறையும் உண்டு. இடம் தீர்ந்த பிறகு அது புதிதாகப் பிடிப்பதில்லை. நீரின் தன்மை மாறினால், முன்பு பிடித்ததைத் திரும்பவும் நீரில் விட்டுவிடலாம். பழைய கரியை அடுப்பில் எரித்தால் கரி போய்விடும். யுரேனியம் சாம்பலில் மேலும் செறிவாகத் தங்கும். தோட்டத்தில் கொட்டினால் மண்ணுக்கு மாறும். எனவே இக்கரிக்கு உகந்த இடம் வீட்டுச் சமையலறை அன்று. யுரேனியச் சுரங்கங்களின் கழிவுநீர், மாசடைந்த நிலத்தடி நீரோட்டம் போன்ற இடங்களில், அளவிடும் கருவியும் கழிவைக் காக்கும் பொறுப்பும் உள்ளவர்கள் கையாளும்போதே தாவரக் கரியால் மெய்யான பயன் விளையும். ஆய்வுகளும் அத்திசையை நோக்கியே செல்கின்றன.

மருத்துவமனையில் கரியும் காலமும்

தைராய்டு புற்றுநோய்க்கும், தைராய்டு மிகைச் சுரப்புக்கும் அயோடின்-131 கொடுக்கப்படுகிறது. மிகுந்த அளவு பெறும் புற்றுநோயாளியைத் தனியறையில் சில நாள் தங்க வைப்பர். அவரது சிறுநீரில் வெளியேறும் அயோடின், அவ்வறைக்கென அமைந்த கழிவறையிலிருந்து தனித் தொட்டிக்குச் செல்கிறது. அங்கே அதனைக் கரி கொண்டு வடிகட்டுவதில்லை, காத்திருக்கின்றனர். 8 நாளில் பாதி, 16 நாளில் கால் பங்கு, 80 நாளில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு என அது தானே குறைகிறது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வகுத்த வரம்புக்குள் வந்த பிறகே அந்நீர் வெளியேற்றப்படுகிறது. குறுகிய அரை ஆயுள் உள்ள பொருளுக்குக் காலமே சிறந்த வடிகட்டி.

எலும்பு ஸ்கேன் போன்றவற்றில் பயன்படும் டெக்னீஷியம்-99எம் இன்னும் விரைவில் மறைவது. அதன் அரை ஆயுள் 6 மணி நேரம். ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஸ்கேன் முடிந்து வீடு திரும்பியவரால் வீட்டுக் கிணறு கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அயோடின் மருந்து பெற்று வீடு திரும்புவோர், மருத்துவர் குறித்துக் கொடுத்த நாள்கள் வரை, கழிவறையில் அமர்ந்தே சிறுநீர் கழித்தல், இருமுறை நீர் ஊற்றுதல், கைகளை நன்கு கழுவுதல், துணிகளைத் தனியே துவைத்தல், கருவுற்ற பெண்களிடமிருந்தும் சிறு குழந்தைகளிடமிருந்தும் விலகியிருத்தல் ஆகியவற்றைப் பின்பற்றினால் போதும். கழிவறையில் கரியைக் கொட்டுவதால் பயன் இல்லை.

மருத்துவமனையில் கரி தன் பணியைச் செவ்வனே செய்யும் இடம் டயாலிசிஸ் பிரிவு. 4 மணி நேர டயாலிசிஸ் ஒன்றுக்கு ஏறத்தாழ 120 லிட்டர் நீர் தேவைப்படுகிறது. அந்நீர் மெல்லிய சவ்வு ஒன்றைத் தாண்டினால் நோயாளியின் இரத்தம். நீரிலுள்ள குளோரினும் குளோரமினும் அச்சவ்வைக் கடந்தால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். அவற்றை முதலில் ஆக்டிவேட்டட் கார்பன் தொட்டிகள் நீக்குகின்றன; பின்னர் எதிர் சவ்வூடு பரவல் எனப்படும் ஆர்.ஓ. முறை கரைந்த உப்புகளையும் உலோகங்களையும் நீக்குகிறது. கரியைத் தாண்டி வரும் நீர் முறையாகச் சோதிக்கப்படுகிறது. கரி உரிய காலத்தில் மாற்றப்படுகிறது. கரி இருப்பதால் மட்டும் அந்நீர் நம்பிக்கைக்கு உரியதாவதில்லை; சோதனை தொடர்வதாலேயே உரியதாகிறது.

உடலுக்குள்ளும் இத்தகைய பிடிப்பான்கள் பயன்பட்டதுண்டு. 1987 செப்டம்பரில் பிரேசில் நாட்டின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவ நிலையம் ஒன்றிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட கதிர்வீச்சுக் கருவி உடைக்கப்பட்டு, அதிலிருந்த சீசியம்-137 பலருடைய உடலில் கலந்தது. நால்வர் இறந்தனர். பாதிக்கப்பட்டோர் பலருக்குப் பிரஷ்யன் நீலம் வாய்வழியாகக் கொடுக்கப்பட்டது. அது குடலில் சீசியத்தைப் பிடித்து மலத்துடன் வெளியேற்றியது. உடலில் சீசியம் பாதியாகக் குறைய எடுக்கும் காலத்தை ஏறத்தாழ 110 நாளிலிருந்து 30 நாளாக இம்மருந்து குறைக்கிறது. இங்கும் எதைப் பிடிக்க எதைத் தர வேண்டும் என்பதை அறிந்தவரே தந்தனர்.

வீட்டில் செய்யத்தக்கவை

1. முதலில் நீரைச் சோதியுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் பொதுவான சோதனைகளைச் செய்துகொள்ளலாம். யுரேனியத்தை அளக்கத் தனிக் கருவி தேவை. அச்சோதனையை எங்கே செய்யலாம் என்பதையும் அங்கேயே கேட்டறியுங்கள்.

2. யுரேனியம் வரம்பை மீறியிருப்பதாக அறிக்கை கூறினால், குடிக்கவும் சமைக்கவும் வேறு நீரைப் பயன்படுத்துங்கள்; அல்லது முறையாகப் பராமரிக்கப்படும் ஆர்.ஓ. கருவியை நாடுங்கள். ஆர்.ஓ. முறை யுரேனியத்தின் பெரும்பகுதியை நீக்க வல்லது. அக்கருவி வெளியேற்றும் கழிவுநீரைக் குடிக்கவோ கால்நடைகளுக்குக் கொடுக்கவோ வேண்டா. குளிப்பதாலும் துணி துவைப்பதாலும் யுரேனியம் உடலில் சேர்வது மிக அற்பம்.

3. காய்ச்சுவதால் கிருமி சாகும்; யுரேனியம் போகாது. நீர் ஆவியாகக் குறையும் அளவுக்கு அதன் செறிவு சற்றே கூடவும் செய்யும். கிருமிக்காகக் காய்ச்சும் வழக்கத்தை விட்டுவிட வேண்டா; அது வேறு தேவைக்கு உரியது.

4. வீட்டில் செய்த கரியைச் சிறுநீரக நோயாளியின் குடிநீரில் இட வேண்டா. தாவரக் கரியிலும் அதிலுள்ள சாம்பலிலும் பொட்டாசியம் மிகுந்துள்ளது. அது நீரில் கரையும். பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய நோயாளிக்கு அது இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடும். அரைகுறையாக வெந்த கரியில் புகைப் படிவான நச்சுப் பொருள்களும் இருக்கலாம். நெடுநாள் மாற்றாத ஈரக் கரியில் கிருமிகள் பெருகும்.

5. கடையில் வாங்கும் வடிகட்டியில் உள்ள கரி, குளோரின் வாடையையும் நிறத்தையும் குறைக்க வல்லது. குறித்த காலத்தில் அதனை மாற்றுங்கள். கதிரியக்கத்தை நீக்கும் என்று விற்பவர் கூறினால், எந்தத் தனிமத்தை, எத்தகைய நீரில், எந்த ஆய்வுக்கூடத்தின் சோதனைப்படி என்று கேளுங்கள். பயன்படுத்திய கரியை என்ன செய்வது என்றும் கேளுங்கள்.

6. நீர்ச் சோதனை அறிக்கை கையில் இருந்தால், அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது அதனையும் நோயாளியின் கோப்புடன் கொண்டு வாருங்கள். மருத்துவர் அதனைச் சிறுநீர், இரத்தப் பரிசோதனைகளுடன் சேர்த்துப் பார்ப்பார். சிறுநீரக நோயாளி நாளொன்றுக்கு எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதையும் மருத்துவரே கூற வேண்டும். அது ஆளுக்கு ஆள் மாறும்.

உமியும் கரும்புச் சக்கையும் ஒருநாள் மாசடைந்த நீர்நிலைகளைக் காக்கும் பொருளாக மாறக்கூடும். அதற்கான ஆய்வுகள் உலகெங்கும் நடைபெறுகின்றன, அவை வரவேற்கத்தக்கவை. ஆனால் இன்று நம் வீட்டு நோயாளிக்குக் கொடுக்கும் குவளை நீருக்கு, அடுப்பங்கரையில் எடுத்த கரியைவிட ஆய்வுக்கூடத்தில் பெற்ற சோதனை அறிக்கையே நம்பத்தக்க காவல்.